கண்ணாடியில் பின்வண்டி தெரிகிறதா?

காந்திபுரத்தில் 31 வருஷம் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்தினேன். கடையை மகனிடம் ஒப்படைத்த பிறகுதான் இந்தப் பக்கத்தில் உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். போன இதழில், என் 1986 ஃபியட்டை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு ஆழியாறு போய்வந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: நாங்களும் இப்படி வண்டிகளைச் சேர்த்துக்கொண்டு போக ஆசைப்படுகிறோம், எப்படித் திட்டமிடுவது? அதனால் இந்த இதழில் பக்கம் முழுக்க அதுதான்.

*அக்கா, நாங்கள் கார்ப் பிரியர்கள் எட்டுப் பேர். ரெண்டு அம்பாசடர், ரெண்டு ஃபியட், ஒரு கான்டெஸ்ஸா, ஒரு மாருதி 800, ஒரு ஜீப். எட்டாவது நண்பரிடம் புது எஸ்யூவி. முதல் பயணமே ஊட்டிக்குப் போய் ரெண்டு நாள் தங்கலாம் என்கிறார்கள். சரிவருமா?*
— திருப்பூர் வாசகர்

முதல் பயணத்துக்கு ஊட்டி வேண்டாம் தம்பி. எட்டுப் பேரும் டீக்கடையில் நன்றாகப் பழகியிருப்பீர்கள், ரோட்டில் இன்னும் பழகவில்லை. யார் திடீரென்று பிரேக் அடிப்பார், யார் இண்டிகேட்டர் போட்டுவிட்டு அணைக்க மறப்பார், யாருக்கு முன்னால் லாரி போனால் பொறுக்காது என்பதெல்லாம் ஒரு முறை சேர்ந்து ஓட்டினால்தான் தெரியும். அதை மலையில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எட்டு வண்டிக்கும் தனித்தனியாக எடுக்கணும். விடுமுறை நாளில் மேட்டுப்பாளையம் தாண்டி முதல் கியரிலேயே ஊர்ந்தால் அம்பாசடர் ரேடியேட்டர் பர்லியாறு வருவதற்குள் கொதித்துவிடும்.

திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லும் வழி இது: பல்லடம், குடிமங்கலம், உடுமலை, அமராவதி அணை. போக 90 கிலோமீட்டர் சொச்சம். மேடு பள்ளம் அதிகமில்லாத ரோடு. அணையைப் பார்க்கலாம், பக்கத்தில் முதலைப் பண்ணை இருக்கிறது, குழந்தைகளுக்குப் பொழுது போகும். மதியச் சாப்பாட்டுக்கு உடுமலை திரும்பிவிடலாம். அணையைத் தாண்டி மூணாறு ரோட்டில் ஒன்பதாறு என்கிற சோதனைச்சாவடிக்கு அப்பால் யானை நடமாடும் காடு. ஆசையாக இருந்தாலும் முதல் முறை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

தை, மாசியில் போங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அந்தப் பொட்டல் ரோட்டில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். குடிமங்கலம் பக்கம் அத்தனை காற்றாலை நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். மாருதி 800-இன் எடை 650 கிலோ சொச்சம். எதிரில் லாரி கடக்கும்போது ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டியவளாகச் சொல்கிறேன், மகிழ்ச்சியாகப் போகிற பயணத்தில் அந்தப் பதற்றம் எதற்கு?

முந்தின ஞாயிறு உங்களில் ரெண்டு பேர் அதே வழியில், அதே நேரத்தில் ஒரு முறை போய்வாருங்கள். என்ன பார்த்து வரணும் என்றால், நிற்கிற இடம் ஒவ்வொன்றும் போகும் திசையில் இடதுபக்கம் இருக்கிறதா என்று. வலதுபக்கம் பிரமாதமான டீக்கடை இருந்தாலும் விட்டுவிடுங்கள். எட்டு வண்டி ஒன்றன்பின் ஒன்றாக எதிர்த்திசைப் போக்குவரத்தைக் குறுக்கே வெட்டித் திரும்புவது பெரிய ஆபத்து. நாலாவது வண்டி திரும்பும்போது ஐந்தாவது ஆள் அவசரப்படுவார். நான் பார்த்த அடிகளில் நிறைய அப்படிப்பட்ட திருப்பத்தில் பட்டவை. கடை வாசலில் எட்டு வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். சாப்பாட்டுக் கடையில், "அடுத்த ஞாயிறு இருபத்தஞ்சு பேர் வருவோம்" என்று நேரில் சொல்லிவிட்டு, முதல் நாள் போனிலும் ஞாபகப்படுத்துங்கள்.

கிளம்பின 20 கிலோமீட்டரில் முதல் நிறுத்தம். யாருக்கும் களைப்பு இருக்காது, ஆனாலும் நிறுத்துங்கள். சரியாக முடுக்காத ஹோஸ் கிளிப், தளர்ந்த ஃபேன் பெல்ட், சொட்டுகிற பெட்ரோல் எல்லாம் அந்த முதல் இருபதில்தான் காட்டிக்கொடுக்கும். பானெட்டைத் திறந்து ஒரு பார்வை, டயரில் ஒரு கை. அப்புறம் நிம்மதியாகப் போகலாம்.

*வேகமான வண்டி முன்னால் போகணுமா, மெதுவான வண்டி முன்னால் போகணுமா? எங்கள் குழுவில் இதற்கே சண்டை.*
— பொள்ளாச்சி வாசகர்

வழி தெரிந்தவர், மெதுவாக ஓட்டப் பொறுமை உள்ளவர் முதலில். குழுவிலேயே மெதுவான வண்டி ரெண்டாவது. முதல் வண்டி அதன் வேகத்தைப் பார்த்துத்தான் போகணும். இழுவை அதிகமுள்ள வண்டிகள் பின்பாதியில். அவர்கள் பின்தங்கினாலும் சிரமமில்லாமல் வந்து சேர்ந்துவிடுவார்கள். கடைசி வண்டியில் கயிறும் டூல்ஸும் வேலை தெரிந்த ஆளும்.

ஆனால் யார் எங்கே என்பதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது 2011 மாசியில் ஒரு கொல்லிமலை இறக்கம்.

ஆறு வண்டி. நான் ஐந்தாவது. எனக்குப் பின்னால் ஒரு அம்பாசடர், ஓட்டியவர் பள்ளிக்கூட வாத்தியார். கூடவே மனைவி, மாமியார், ரெண்டு குழந்தைகள். எழுபது கொண்டை ஊசி வளைவில் இருபது, இருபத்தஞ்சு இறங்கியிருப்போம். கண்ணாடியில் பார்க்கிறேன், வாத்தியாரைக் காணோம். அடுத்த வளைவிலும் காணோம். வண்டியை ஓரம்கட்டி, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு மேலே நடந்தேன். ரெண்டு வளைவுக்கு மேலே அம்பாசடர் மலைப்பக்க வாய்க்காலில் முன்சக்கரத்தை இறக்கி நின்றிருந்தது. பிரேக் பெடல் தரை வரை போய்விட்டதாம். மனிதர் பதறாமல் முதல் கியருக்கு இழுத்து, ஹேண்ட்பிரேக்கையும் போட்டு, பாறைப் பக்கமாக ஒதுக்கியிருக்கிறார். தென்னங்கயிறு கருகின மாதிரி ஒரு வாடை. சக்கரத்துக்கு அரையடி தள்ளிக் கை வைத்தாலே அனல் அடித்தது. மாமியார் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பிரேக் டிரம் (சக்கரத்துக்குள் இருக்கிற இரும்பு உருளை) மேல் தண்ணீர் ஊற்றப் போன வாத்தியாரைத் தடுத்தேன். அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். தானாக ஆற ஒரு மணி நேரம் ஆனது. ஆறியதும் பெடல் திரும்பவும் மேலே வந்தது. முன்னால் போன நாலு வண்டியும் அதற்குள் காரவள்ளி அடிவாரத்தில் டீ குடித்து முடித்திருந்தார்கள். நாங்கள் எங்கேயோ நின்று போட்டோ எடுக்கிறோம் என்று நினைத்தார்களாம். போன் எடுக்கவில்லை, டவர் இல்லை. நல்லவர்கள்தான் எல்லோரும். எங்களுக்குள் ஒரு முறை வகுக்காமல் கிளம்பியதுதான் தவறு.

அன்று அடிவாரத்திலேயே பேசி முடிவு செய்தோம். உங்களுக்குப் பின்னால் வருகிற வண்டி உங்கள் பொறுப்பு. கண்ணாடியில் அது தெரியணும். தெரியவில்லையா, வேகத்தைக் குறையுங்கள். அப்புறமும் வரவில்லையா, பாதுகாப்பான இடம் பார்த்து நில்லுங்கள். நீங்கள் நின்றால் உங்களுக்கு முன்னால் போகிறவரின் கண்ணாடியிலிருந்து நீங்கள் மறைவீர்கள், அவரும் நிற்பார். அப்படியே ஒவ்வொருவராக நின்று, போனே இல்லாமல் முதல் வண்டி வரை சேதி போய்விடும். திருப்பம் வந்தால் பின்வண்டி உங்களைப் பார்த்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் திரும்பணும். முன்னால் போகிறவரைத் துரத்திக்கொண்டு யாரும் ஓட்ட வேண்டியதில்லை.

இடைவெளி எவ்வளவு என்று அடுத்து கேட்பீர்கள். முன்வண்டி ஒரு மைல்கல்லைக் கடக்கும்போது "முருகா, முருகா, முருகா" என்று நிதானமாகச் சொல்லுங்கள். மூன்றாவது முருகாவுக்கு முன்னால் நீங்கள் அந்தக் கல்லைத் தொட்டால் நெருக்கமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். ஆறு வண்டிக்கு மேல் இருந்தால் ரெண்டு கூட்டமாகப் பிரிந்து, பத்து நிமிஷ வித்தியாசத்தில் கிளம்புங்கள். எட்டு வண்டி ஒட்டிக்கொண்டு போனால் பின்னால் வருகிற பஸ்காரர் எப்படி முந்துவார்? அந்த ரோடு அவருக்கும் உரியது. ஓவர்டேக் செய்ய முன்வண்டிக்காரர் கை காட்டினாலும், உங்கள் கண்ணால் பார்த்த பிறகே செய்யுங்கள். ஓடும்போது எல்லோரும் ஹசார்டு விளக்கை (எல்லா இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னுவது) போட்டுக்கொண்டு போகும் பழக்கம் வேண்டவே வேண்டாம், யார் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போய்விடும். டோல்கேட்டில் கூட்டம் கட்டாயம் பிரியும், ஒரே கவுண்டரில் போக முட்டிமோதாமல், கேட்டைத் தாண்டி அரை கிலோமீட்டரில் எந்த இடத்தில் சேர்வது என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

*அம்மா, எங்களுக்குக் கொல்லிமலை பக்கத்திலேயே இருக்கிறது. பிரேக் பற்றி நீங்கள் சொல்வதைக் கேட்டால் பயமாக இருக்கிறது. பழைய வண்டியில் மலையே ஏறக் கூடாதா?*
— நாமக்கல் வாசகர்

தாராளமாக ஏறலாம் கண்ணு. ரெண்டு மூன்று சமவெளிப் பயணம் முடித்துவிட்டு ஏறுங்கள். பழைய ஃபியட், அம்பாசடர்களில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். டிரம் சூட்டை வெளியே விடுவதில் தட்டு வடிவ டிஸ்க் பிரேக் அளவுக்குச் சுறுசுறுப்பு கிடையாது. அதனால் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற வேலையை எஞ்சினுக்குக் கொடுக்கணும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது பழைய வண்டிக்கு அப்படியே பொருந்தும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டுபவரை உங்கள் குழுவில் சேர்க்காதீர்கள், எவ்வளவு நெருங்கின நண்பராக இருந்தாலும் சரி.

வாத்தியார் வண்டியில் பிரேக் ஆயில் மாற்றிப் பல வருஷம் ஆகியிருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் குமிழி வரும், குமிழி வந்தால் பெடல் வெறும் காற்றைத்தான் அமுக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

ஏற்றத்தில் வருகிற தொல்லை வேறு. வெப்பமுள் சிவப்பை நெருங்கினால் ஓரம்கட்டி, எஞ்சினை உடனே அணைக்காமல் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிடுங்கள், ஃபேன் சுற்றட்டும். தண்ணீரே கொட்டிப் போயிருந்தால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. எங்கள் கடையில் வேலை பார்த்த பையனின் முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சில சமயம் வெப்பமுள் சரியாக இருக்கும், வண்டி மட்டும் திக்கித் திக்கி நின்றுவிடும். அது பெட்ரோல் பம்ப்பில் சூடு ஏறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டதால். ஒரு பழைய பருத்தித் துண்டை நனைத்துப் பம்ப் மேல் சுற்றிவையுங்கள். துண்டிலிருந்து மெல்ல ஆவி கிளம்பும். அது அடங்கினதும் மறுபடி நனைத்துச் சுற்றுங்கள். பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிடும். இதற்காகவே என் ஃபியட்டில் நாலு முழம் பழைய வேட்டித் துணி எப்போதும் இருக்கிறது.

கொண்டை ஊசி வளைவில் ஒரு நேரத்தில் உங்கள் குழுவின் ஒரு வண்டிதான் இருக்கணும். ஏறி வருகிற வண்டிக்கு முதல் உரிமை. அரசு பஸ்ஸுக்கு முழு வளைவும் தேவைப்படும், ஹார்ன் கேட்டதும் முன்கூட்டியே நின்றுவிடுங்கள். சக்கரத்துக்கு வைக்க மரக்கட்டை, வண்டிக்கு ரெண்டு.

*நான் 1997 மாடல் மாருதி 800 ஓட்டுகிறேன். எங்கள் ஈசிஆர் குழுவில் நான் ஒருத்திதான் பெண் ஓட்டுநர். "நீங்கள் கடைசியில் பத்திரமாக வாருங்கள்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விடுகிறார்கள்.*
— சென்னை வாசகி

கடைசி இடம் குழுவிலேயே அதிக வேலை தெரிந்தவருக்கு உரியது. அதை ஒருவரைத் தள்ளிவைக்கும் இடமாகப் பயன்படுத்துவது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. அடுத்த கூட்டத்தில் நேரடியாகச் சொல்லுங்கள்: "இந்த முறை நான் முன்னால் போகிறேன், வழி நான் போடுகிறேன்." மாருதி 800 நடத்துகிற வேகம் பழைய வண்டி எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். புதுச்சேரி வரை 150 கிலோமீட்டர். காலை ஐந்தரைக்கே கிளம்புங்கள். ஞாயிறு விடிகாலையில் ஈசிஆரில் சைக்கிள் ஓட்டுபவர்கள் கூட்டமாக வருவார்கள், அவர்களுக்கு முழுசாக இடம் விட்டு முந்தணும். மாமல்லபுரம் தாண்டியதும் ரோடு அமைதியாகும். மரக்காணத்தில் உப்பளம் வெயிலில் பளபளக்கிற நேரத்தில் அங்கே இருக்கிற மாதிரி கணக்கிடுங்கள், அத்தனை வண்டியும் வரிசையாக நிற்க ஓர் அகலமான ஓரத்தை முன்பே பார்த்துவையுங்கள்.

இன்னொன்று, இதை நான் எல்லாக் குழுக்களுக்கும் சொல்கிறேன். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, பெண்கள் தயக்கமில்லாமல் போகக்கூடிய கழிப்பறை உள்ள இடத்தில் நிறுத்தம் இருக்கணும். அது இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை "நீங்கள் போய்வாருங்கள், நான் வரவில்லை" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். காரணத்தை யாரும் கேட்கக்கூட மாட்டார்கள்.

*செலவை எப்படிப் பிரிப்பது?*
— சேலம் வாசகர்

பெட்ரோல் அவரவர் வண்டிக்கு அவரவர். சாப்பாடு, டீ, பார்க்கிங் பொதுப்பணம், தலைக்கு இவ்வளவு என்று முன்பே வாங்கி ஒருவரிடம் கொடுங்கள். ஒரு வண்டி நின்றுபோனால் பார்ட்ஸ் செலவு உடையவருக்கு. கட்டி இழுத்து வந்தவரின் பெட்ரோலைப் பொதுப்பணத்தில் கொடுங்கள், அவரே வேண்டாம் என்றாலும் கொடுங்கள்.

*அப்பா விட்டுப்போன 1973 ஸ்டாண்டர்ட் கெஸல் ஓடும் நிலையில் இருக்கிறது, ஆர்சி புதுப்பித்து வைத்திருக்கிறேன். விண்டேஜ் பதிவுக்கு மாற்றினால்தான் குழுப் பயணத்துக்கு எடுத்துப்போக முடியும் என்கிறார் ஒருவர்.*
— மதுரை வாசகர்

அப்படி இல்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்சி புதுப்பித்து, இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருந்தால் தாராளமாக எடுத்துப்போகலாம். விண்டேஜ் பதிவுக்கு 2021 ஜூலையில் விதி வந்தது. 50 வருஷம் தாண்டிய, உருவத்தைப் பெரிதாக மாற்றாத வண்டிகளுக்கு அது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் 'விஏ' என்று வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் அதில்தான் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறபடியே வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் செய்த வண்டி, நம் ஊர்த் தயாரிப்பு. ரோட்டில் அதைப் பார்க்கிற பெரியவர்கள் நின்று கும்பிடாத குறையாகப் பேசுவார்கள். கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பதில் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரப்பருக்கு மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். மாதக்கணக்கில் நிறுத்தின வண்டியில் டேங்க்கை வடித்துப் புதுப் பெட்ரோல் போடுங்கள். பழைய ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள். மடிப்பில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு தெரிந்தால் அன்றே தூக்கிப் போடுங்கள்.

*பாட்டி, எனக்கு 11 வயசு. அப்பாவோட அம்பாசடர்ல நானும் டூர் போறேன். என்னை முன் சீட்ல உட்கார விடமாட்டேங்கறாங்க. பின்னாடி உட்கார்ந்து நான் என்ன செய்யறது?*
— உடுமலை

கண்ணு, உன் கடிதத்தை ரெண்டு முறை படித்தேன். முன் சீட் கிடைக்காததில் வருத்தப்படாதே, பின் சீட்டில்தான் உனக்கு வேலை இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள். கிளம்பும்போது மீட்டரில் என்ன எண் என்று அப்பாவைக் கேட்டு எழுது. எங்கே நின்றீர்கள், எத்தனை மணி, எத்தனை லிட்டர் பெட்ரோல், யார் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், எல்லாம் எழுது. அடுத்த வருஷம் அதே வழியில் போகும்போது பெரியவர்கள் உன் நோட்டைத்தான் கேட்பார்கள்.

உங்களுக்குப் பின்னால் வருகிற வண்டி எது, என்ன நிறம், முன்விளக்கு எப்படி இருக்கும் என்று காலையிலேயே பார்த்துவைத்துக்கொள். ஒவ்வொரு திருப்பத்திலும் பெல்ட்டைக் கழற்றாமல் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார். அந்த வண்டி திரும்பிவிட்டால் "வந்துட்டாங்கப்பா" என்று சத்தமாகச் சொல். வரவில்லை என்றால் அதையும் சொல். அப்பா நிறுத்துவார்.